இல்லாமையும் வேண்டாமையும்

"காலம் கெட்டுவிட்டது" என்று வருந்தாத தலைமுறை ஒன்று உலகில் இருந்ததாகத் தெரியவில்லை. நம் பாட்டனார் தம் பேரனைப் பார்த்து அவ்வாறு கூறினார். அந்தப் பேரன் இன்று பாட்டனாகித் தன் பேரனிடம் அதையே கூறுகிறான். கிழக்கேகோட்டையில் மாலை வேளையில் நான்கு தமிழர் கூடினால், பேச்சு ஊரின் மழையில் தொடங்கி, விலைவாசியில் வளர்ந்து, "அந்தக் காலத்து அடக்கம் இப்போது எங்கே?" என்னும் பெருமூச்சில் வந்து முடிவதைக் காணலாம். முன்பெல்லாம் பெரியோர் எதிரில் இளையோர் குரல் உயர்த்தவில்லை. உள்ளவர் தம் செல்வத்தை இல்லாதவர் கண்முன் பரப்பவில்லை. கடன்பட்டவர் தலை குனிந்து நடந்தார். உண்பவர் பசித்தவரை நினைத்தார். இன்றோ யாவும் தலைகீழாயின. நாட்டு மக்களின் இயல்பே மாறிவிட்டது என்பது அவர்தம் வழக்கு.

இவ்வழக்கை அப்படியே ஏற்றுத் தலையசைப்பது எளிது. முதியோர் புலம்பல் என்று தள்ளிவிடுவது அதனினும் எளிது. இரண்டாலும் நமக்குப் பயனில்லை. திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் வந்து இந்நகரில் வேரூன்றிய நம் குடும்பங்கள், மக்களுக்கு விட்டுச்செல்ல ஊரில் நிலமும் இல்லை. இங்கே பெருஞ்செல்வமும் இல்லை. நாம் கைமாற்றித் தரக்கூடியவை நம் மொழியும் சில பழக்கங்களுமே. அப்பழக்கங்களுள் தலையாயது என்று நாம் சொல்லிக்கொள்ளும் அடக்கம், உண்மையில் என்ன பொருள், அது குன்றிவிட்டதா, குன்றியிருந்தால் ஏன் என்பதை நிதானமாக ஆராய்தல் நம் கடமையாகிறது.

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளில் அடக்கமுடைமை 13ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இல்லை, இல்லறவியலில் இருக்கிறது என்பது முதலில் நோக்கத்தக்கது. காட்டில் தவம் செய்வோனுக்கு வள்ளுவர் இதை வைக்கவில்லை. மனைவி மக்களோடு வாழ்ந்து, பொருளீட்டி, விருந்தோம்பி, ஊரோடு கலந்து வாழ்பவனுக்கே வைத்தார். அதற்கு முந்திய அதிகாரம் நடுவுநிலைமை; பிந்தியது ஒழுக்கமுடைமை. நீதிக்கும் ஒழுக்கத்துக்கும் நடுவே அடக்கம் நிற்கிறது. இந்த வரிசையின் பொருளைப் பின்னர்க் காண்போம். செல்வம் உடையவரிடத்து அடக்கம் தனிச்சிறப்புடையதென அவர் அங்கே கூறியிருப்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

இல்லாதவன் நுகராமல் இருப்பதில் வியப்பொன்றுமில்லை. கையில் காசில்லாதவன் கடைத்தெருவைக் கடந்து செல்வதை அடக்கம் என்று எவரும் சொல்வதில்லை. ஆகவே, வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் மூன்று நிலைகளை நாம் பிரித்தறிய வேண்டும். முதலாவது இல்லாமை, பொருள் கிடைக்காததால் நுகராதிருத்தல். இரண்டாவது அடக்கப்படுதல், பிறர் தடுத்ததால் நுகராதிருத்தல். மூன்றாவதே வேண்டாமை, கைக்கு எட்டியும், தடுப்பார் இல்லாதிருந்தும், "இது போதும்" என்று தானே நிறுத்திக்கொள்ளுதல். மூன்றாவது ஒன்றே அடக்கம் என்னும் பெயருக்கு உரியது. நாம் "அந்தக் காலத்து அடக்கம்" என்று போற்றுவதில் இம்மூன்றும் கலந்து கிடக்கின்றன. நெல்லோடு பதரும் கல்லும் சேர்ந்த மூட்டையை விலைபேசுவது போல, மொத்தமாகப் புகழ்கிறோம், அல்லது மொத்தமாக இகழ்கிறோம். புடைத்துப் பார்த்தல் வேண்டும்.

கோவில் அறைகள் கூறுவது

இவ்வாய்வுக்கு வேண்டிய சான்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. திருவிதாங்கூரை உருவாக்கிய மார்த்தாண்டவர்மர், 1750 ஜனவரியில் தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தாம் அப்பெருமானின் அடியவராக நின்று ஆளத் தலைப்பட்டார். திருப்படித்தானம் என்று அதனைக் கூறுவர். அன்றுமுதல் அம்மரபில் வந்த மன்னர் தம்மைப் பத்மநாபதாசர் என்றே வழங்கிக்கொண்டனர். அரச குடும்பத்துத் தலைவர் கோவிலைவிட்டு வெளியேறும்போது, காலில் ஒட்டிய மணலையும் உதறிவிட்டே வருவார் என்பது இந்நகரத்தார் பெருமையோடு சொல்லும் செய்தி. சுவாமியின் சொத்தில் ஒரு மணல் தானும் தம்மோடு வரலாகாது என்பது அதன் கருத்து.

2011ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி, கோவிலின் நிலவறைகள் சில திறந்து கணக்கெடுக்கப்பட்டன. பொன்னும் மணியும் காசுகளுமாக வெளிப்பட்ட செல்வத்தின் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாய் வரை இருக்கும் என்று செய்தித்தாள்கள் எழுதின. உலகமே கிழக்கேகோட்டையைத் திரும்பிப் பார்த்தது. அன்று பலரும் வியந்தது செல்வத்தின் அளவை. அதனினும் வியக்கத்தக்கது வேறொன்று. இத்துணைச் செல்வத்தின்மேல் அமர்ந்திருந்தும், தலைமுறை தலைமுறையாக அதைத் தமதென்று எடுத்துச் செலவழியாமல் ஒரு மரபு காத்துவந்தது என்பதே அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரசின் கருவூலம் வறண்டபோது கோவில் நிதியிலிருந்து பெற்ற தொகையை அரசு கடனாகவே கருதிற்று. கும்பகோணத்தில் பிறந்து இங்கே திவானாக விளங்கிய டி. மாதவராவ் காலத்தில் அக்கடன் திருப்பிச் செலுத்தப்பட்டது. தலைமைச் செயலகத்தின் எதிரே சிலையாக நிற்பவர் அவரே. நாள்தோறும் பேருந்தில் "ஸ்டாச்சு" என்று சொல்லிச் சீட்டு வாங்குகிறோம்; அச்சிலைக்குரியவரை நினைப்பவர் சிலரே. கைக்கு எட்டிய பொருளைக் கடன் என்று எழுதிவைத்து அடைத்தல், நாம் மேலே கூறிய மூன்றாம் நிலைக்கு, அஃதாவது வேண்டாமைக்கு, நல்ல எடுத்துக்காட்டு.

ஆயினும், இதனை முழுப் புகழுரையாக முடித்துவிடுதல் நேர்மையன்று. அந்தச் செல்வத்தில் போர்களாலும் வரிகளாலும் வந்தவையும் உண்டு. வரி கொடுத்தவருள் கோவிலின் மதிலருகே வரவும் உரிமையற்றவர் பலர். மேலும், 2014இல் உச்ச நீதிமன்றத்துக்கு அளிக்கப்பட்ட அறிக்கை, கோவில் நிர்வாகத்தில் கவலைக்குரிய குறைகள் பல இருப்பதைச் சுட்டிக்காட்டியது. 2020 ஜூலை 13ஆம் நாள் வந்த இறுதித் தீர்ப்பு, அரச குடும்பத்தின் சேவைத் தொடர்பான உரிமையை ஏற்றுக்கொண்ட அதே வேளையில், நிர்வாகத்தை மாவட்ட நீதிபதியின் தலைமையிலான குழுவிடம் ஒப்படைத்தது. மரபாக வரும் அடக்கம் எவ்வளவு உயர்ந்ததாயினும், கணக்கும் மேற்பார்வையும் இல்லாமல் அது நெடுநாள் நில்லாது என்பதே இதன் பாடம். பழைய ஆட்சியினரும் இதை அறிந்தே இருந்தனர். கோவிலின் வரவு செலவுகளை ஓலைகளில் எழுதிக் கட்டுக்கட்டாகக் காத்துவைத்தனர். மதிலகம் ஆவணங்கள் என்று வழங்கும் அவ்வோலைகள் வரலாற்றாய்வாளர்க்கு இன்றும் பெருநிதி. கோட்டைப் பகுதி ஆவணக்காப்பகத்தில் 2022 டிசம்பரில் ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் என் போன்ற எழுத்தர்க்கு, நிலவறைப் பொன்னைவிட அந்த ஓலைக் கணக்கே பெரிதாகத் தோன்றுகிறது.

தாழ்த்தி வைத்த அடக்கம்

இனி இரண்டாவது வகையைக் காண்போம். இதே திருவிதாங்கூரில், சாணார் எனப்பட்ட மக்களின் பெண்டிர் மார்பை மறைத்து ஆடை அணிவதற்கே போராட வேண்டியிருந்தது. பல்லாண்டு நீடித்த கலகங்களுக்குப் பின்னரே, 1859இல் அரசு அதற்கு இசைந்து ஆணை பிறப்பித்தது. அப்போதும், உயர்குலத்தார் அணியும் முறையில் அணியலாகாது என்னும் வரம்பை அது விடவில்லை. எல்லாச் சாதி இந்துக்களும் அரசின் கோவில்களுக்குள் செல்லலாம் என்னும் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள். அதுவரை வாயிலுக்கு வெளியே ஒதுங்கி நின்ற மக்களையும் "அடக்கமானவர்கள்" என்றே அக்காலத்தார் புகழ்ந்திருப்பர். ஊட்டுப்புரைகளில் ஒரு வகுப்பாருக்கு மட்டும் அரசுச் செலவில் அன்னம் படைக்கப்பட்டபோது, வெளியே பசித்திருந்தோர் குரல் எழுப்பாததையும் "பண்பு" என்றே கொண்டிருப்பர்.

இது அடக்கமன்று; அடக்கப்படுதல். ஒருவன் குனிந்து நிற்பது பணிவினாலா, முதுகில் ஏற்றிய சுமையினாலா என்பதைத் தொலைவிலிருந்து பார்ப்பவன் அறியான். சுமையை இறக்கியபின் அவன் நிமிர்ந்தால், "பணிவு போயிற்று" என்று வருந்துவது அறியாமை. இன்று மருமகள் மாமியாரிடம் மறுமொழி கூறுகிறாள், கடைநிலை ஊழியர் மேலதிகாரியிடம் காரணம் கேட்கிறார், மாணவன் ஆசிரியரிடம் ஐயம் எழுப்புகிறான் என்பவற்றையெல்லாம் அடக்கக் குறைவின் பட்டியலில் சேர்ப்போர் உளர். அவற்றுட் பெரும்பகுதி, சுமை இறங்கியதால் வந்த நிமிர்வே. வள்ளுவர் நடுவுநிலைமைக்குப் பின்னரே அடக்கமுடைமையை வைத்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. நீதி இல்லாத இடத்தில் எளியவனுக்கு அடக்கம் போதித்தல், அறம் போலத் தோன்றும் வன்முறையாகும். ஆதலால், அடக்கம் குன்றிற்று என்று நாம் எண்ணுவதில் ஒரு பங்கு குறைபாடே அன்று, மகிழத்தக்க மாற்றம்.

ஒருவேளை உணவும் ஒரு பண்டிகை முன்பணமும்

எஞ்சியிருப்பது மூன்றாவது. வேண்டாமை என்னும் உண்மையான அடக்கம் நாட்டில் குன்றியதா? இதற்கு விடை காண, ஐம்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

1965ஆம் ஆண்டு. நாட்டில் உணவுப் பஞ்சம். அமெரிக்கக் கப்பல் கொண்டுவரும் கோதுமையை எதிர்பார்த்து நாம் வாழ்ந்த காலம். எல்லையிலோ போர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களை நோக்கி, வாரத்தில் ஒருவேளை உணவைத் துறக்குமாறு வேண்டினார். திங்கட்கிழமை இரவுகளில் பல ஊர்களில் உணவுவிடுதிகளே மூடிக்கிடந்தன. சட்டம் எதுவும் இல்லை; அபராதம் இல்லை. எளிய குடும்பங்களும் அவ்விரதத்தை ஏற்றன. அவர் சொன்னதை மக்கள் ஏற்றதற்குக் காரணம் உண்டு. 1956 நவம்பரில் அரியலூர் அருகே நிகழ்ந்த கோர ரயில் விபத்துக்குப் பொறுப்பேற்று, ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தவர் அவர். பதவியை விட்டுக்காட்டியவர் உணவை விடச் சொன்னால், கேட்பவர்க்கு அதில் ஐயம் எழவில்லை.

2020ஆம் ஆண்டு அக்டோபர் 12. பெருந்தொற்றால் வணிகம் முடங்கிக் கிடந்தது. மத்திய அரசு தன் ஊழியர்க்கு வட்டியில்லாப் பண்டிகை முன்பணமாக 10,000 ரூபாய் தருவதாக அறிவித்தது. விடுப்புப் பயணச் சலுகைக்கு ஈடாகப் பணமும் தந்தது. ஆனால் நிபந்தனை உண்டு. பணத்தைச் சேமித்து வைத்தல் கூடாது. 2021 மார்ச் 31க்குள் செலவழித்துவிட வேண்டும். பயணச் சலுகையைப் பணமாகப் பெறுவோர், சரக்கு சேவை வரி 12 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பொருள்களையே வாங்க வேண்டும். சில மாதங்களுக்கு முன் இதே அரசுதான் எங்கள் பஞ்சப்படி உயர்வைப் பதினெட்டு மாதங்களுக்கு நிறுத்திவைத்திருந்தது. ஒரு கையால் நிறுத்தி, மறு கையால் "செலவழி" என்று தந்த அந்த விந்தையைக் கோப்புகளில் கண்ட மத்திய அரசு எழுத்தர்கள் நாங்கள். இன்னும் பின்னோக்கிச் சென்றால், 1974இல் விலைவாசியைக் கட்டுப்படுத்த, கூடுதல் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துவைக்கச் சட்டமே இயற்றப்பட்டது. அன்று, ஊழியன் செலவழித்தால் நாட்டுக்குக் கேடு. 2020இல், செலவழியாவிட்டால் நாட்டுக்குக் கேடு!

இதை அரசின் குற்றமாகக் கூறவில்லை. 1965இல் தானியம் குறைவு. நான் உண்ணாது விட்ட பிடி சோறு மற்றொருவன் இலைக்குச் செல்லும். 2020இல் பண்டங்கள் கிடங்குகளில் தேங்கிக் கிடந்தன. நான் வாங்காவிட்டால் நெய்பவனுக்கும் தைப்பவனுக்கும் கூலி இல்லை. ஒருவன் செலவே மற்றவன் வருவாய் என்று பொருளியலார் கூறுவது உண்மையே. ஆகவே, அடக்கம் என்பதன் பொருளே நம் காலத்தில் சிக்கலாகிவிட்டது. பற்றாக்குறைக் காலத்து அடக்கத்துக்கு நாடு முழுதும் துணை நின்றது. நிறைவுக் காலத்து அடக்கத்துக்கோ விளம்பரமும் கடன் அட்டையும் தவணை முறையும் மட்டுமன்றி, பொருளாதாரமே எதிர் நிற்கிறது. நம் தந்தையரைக் காட்டிலும் நாம் தாழ்ந்தவர் என்பதைவிட, நமக்கு வைக்கப்பட்ட தேர்வு கடினமானது என்பதே பொருந்தும். ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறையின் அடக்கம் பெரும்பாலும் தேர்வு எழுதாமலே பெற்ற தேர்ச்சி.

தேர்வில் நம் மதிப்பெண் என்ன? ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி, குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, 2020–21இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. 2022–23இல் ஏறத்தாழ 5 விழுக்காடாகச் சுருங்கியது. பல பத்தாண்டுகளில் காணாத தாழ்வு அது. வீட்டுக்கும் வண்டிக்கும் வாங்கிய கடன்கள் பெருகியது ஒரு காரணம். வீடு வாங்குதல் ஊதாரித்தனம் அன்று என்பது மெய்யே. ஆயினும், சம்பளம் வருமுன்னரே அதைச் செலவழித்துவிடும் பழக்கம் நம்மிடையே இயல்பாகிவிட்டதை இவ்வெண்கள் மறைக்கவில்லை.

நம்பிக்கையும் பொறுமையும்

இனி, அடக்கம் எதனால் நிலைக்கிறது என்று பார்ப்போம். 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்னும் உளவியலார் ஒரு சோதனையைத் தொடங்கினார். சிறு குழந்தையின் முன் ஓர் இனிப்பை வைத்து, "நான் திரும்பி வரும்வரை உண்ணாதிருந்தால் இரண்டாகத் தருவேன்" என்று சொல்லிச் செல்வது அச்சோதனை. காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் சிறந்து விளங்கினர் என்று தொடர்ந்து வந்த ஆய்வுகள் கூற, தன்னடக்கம் பிறவிக் குணம் என்றே உலகம் எண்ணிற்று. பிற்பாடு, ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் அச்சோதனையைச் சிறிது மாற்றிச் செய்து 2013இல் வெளியிட்டனர். சோதனைக்கு முன்னரே, சில குழந்தைகளுக்குப் பெரியவர் ஒன்றைத் தருவதாகச் சொல்லி ஏமாற்றினார். வேறு சிலருக்குச் சொன்னபடியே தந்தார். வாக்குக் காக்கப்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்ட குழந்தைகள் காத்திருந்தது ஏறத்தாழ 3 நிமிடமே. ஆய்வில் கலந்துகொண்ட குழந்தைகள் சிலரே. ஆயினும் அதன் கருத்து ஆழமானது. ஏமாற்றப்பட்ட குழந்தை பேராசைக்காரன் அல்லன், அவன் கணக்கறிந்தவன். காத்திருந்தால் கிடைக்கும் என்னும் நம்பிக்கை இல்லாதவனுக்குக் காத்திருத்தல் அறிவீனம்.

இதனை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். கிழக்கேகோட்டைப் பேருந்து நிலையத்தில் நெரிசல் வேளையில் ஏறுபவர் தள்ளுமுள்ளுச் செய்கின்றனர். அதே மக்கள் மதுக்கடையின் முன் ஒருவர்பின் ஒருவராக, முனிவரும் நாணும் பொறுமையோடு நிற்கின்றனர் என்று கேரளத்தார் தம்மையே கேலி செய்துகொள்வர். கேலியில் ஓர் உண்மை உண்டு. அங்கே சரக்கு தீராது, முறை தவறாது என்று அனைவரும் நம்புகின்றனர். இங்கே அடுத்த வண்டி எப்போது வரும், அதில் இடம் இருக்குமா என்பது எவர்க்கும் தெரியாது. குணம் ஒன்றே, நம்பிக்கை வேறு.

நம்பிக்கை உள்ள இடத்தில் இன்றும் நம் மக்கள் வேண்டாமையை மறக்கவில்லை. வசதியுள்ளோர் சமையல் எரிவாயு மானியத்தை விட்டுக்கொடுக்கலாம் என்று 2015இல் வேண்டுகோள் விடுக்கப்பட்டபோது, ஏறத்தாழ ஓராண்டில் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பங்கள் விட்டுக்கொடுத்தன. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் கேரளத்தைச் சூழ்ந்தபோது, நம் கடற்கரையின் பூந்துறை, விழிஞ்ஞம் பகுதி மீனவர் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர்ப் பக்கம் விரைந்தனர். படகொன்றுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, உடன்பிறந்தாரைக் காத்ததற்குக் கூலி எதற்கு என்று கூறி மறுத்தவரும் அம்மீனவருள் இருந்தனர். அன்றாடம் கடலுக்குச் சென்றால்தான் அடுப்பெரியும் குடும்பத்தவர், கைக்கு வந்த பணத்தை வேண்டாம் என்பது சிறு செயலன்று. நாட்டு இயல்பே கெட்டுவிட்டது என்பார் இவர்களை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் வீட்டுக் கணக்கு

நாட்டைப் பற்றிப் பேசியது போதும். வீட்டைப் பற்றிப் பேசுவோம். நிறைவுக் காலத்தில் அடக்கத்துக்குரிய இடங்கள் எவை? எவை உண்மையிலேயே குறைவுடையனவோ, எவற்றை நாம் மிகுதியாகக் கொள்வதால் பிறர் இழக்கின்றனரோ, அவையே.

முதலாவது பொன். கேரளத்தின் திருமணப் பொன் வழக்கமும், தமிழ்நாட்டின் சீர்வரிசை வழக்கமும் ஆகிய இரண்டையும் நம் குடும்பங்கள் சேர்த்துக்கொண்டன. இரு நாட்டுச் சிக்கனத்தையும் கொண்டிருக்கலாம். நாமோ இரு நாட்டு ஆடம்பரத்தையும் கொண்டோம். வைப்புநிதி முன்பண விண்ணப்பங்களில் "மகள் திருமணம்" என்னும் இரு சொற்களின் பின்னே இருக்கும் தந்தையின் முகத்தை அலுவலகத்தில் கண்டவர் அறிவர். வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். அறுபதாண்டுகள் கழிந்தும், 2021இல் வரதட்சிணைக் கொடுமையால் நேர்ந்த சாவு ஒன்று கேரளம் முழுவதையும் உலுக்கிற்று. அவ்வாண்டு ஜூலை 14ஆம் நாள், மாநில ஆளுநர் ஆரிஃப் முகமது கான் இந்நகரில் வரதட்சிணைக்கு எதிராக ஒருநாள் உண்ணாநோன்பு இருந்தார். ஆளுநரே நோன்பிருக்க வேண்டிய அளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் அணிந்த பொன்னே நம் வீட்டுப் பெண்ணின் விலையை உயர்த்துகிறது. நாம் அணிவிக்கும் பொன் அடுத்த வீட்டுத் தந்தையைக் கடனில் தள்ளுகிறது. 1965இல் ஒருவேளை சோற்றுக்கு இருந்த நிலை இன்று பொன்னுக்கு இருக்கிறது. வசதி உள்ளவர் குறைத்தாலொழிய வசதி இல்லாதவர் குறைக்க முடியாது. இங்கேதான் செல்வரின் அடக்கம் தனிச்சிறப்புப் பெறுகிறது.

இரண்டாவது சொல். முன்பு ஒரு கடுஞ்சொல் திண்ணையில் பிறந்து தெருமுனையில் இறந்தது. இன்று கைப்பேசியில் ஒரு விரலசைவில் அது ஆயிரம் வீடு புகுகிறது. பெற்ற செய்தி மெய்யா பொய்யா என்று பாராமல் பத்துப் பேருக்கு அனுப்பும் நாம், எதிரில் வந்தால் அவ்வாறு ஒருவரை ஏசமாட்டோம். நாவைக் காக்கச் சொன்ன வள்ளுவர் இன்றிருந்தால் விரலைக் காக்கவும் சொல்லியிருப்பார்.

மூன்றாவது சினம். வலியவனிடம் அடங்கி, எளியவனிடம் பொங்கும் சினத்தைப் பற்றியே கூறுகிறேன். மேலதிகாரி முன் நாம் காட்டும் பணிவை, ஆட்டோ ஓட்டுநரிடமும் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடமும் காட்டுகிறோமா என்பதே உரைகல். திருப்பித் தாக்கும் வலிமை உடையவனிடம் பொறுத்துக்கொள்வது அச்சம்; அவ்வலிமை இல்லாதவனிடம் பொறுத்துக்கொள்வதே அடக்கம்.

இம்மூன்றையும் மக்களுக்கு எவ்வாறு கற்பிப்பது? அறிவுரையால் ஆகாது. ராச்செஸ்டர்க் குழந்தைகள் நமக்குக் காட்டிய வழி ஒன்றே. சொன்ன சொல்லைப் பெற்றோர் காத்தல் வேண்டும். "மாதக் கடைசியில் வாங்கித் தருகிறேன்" என்றால் மாதக் கடைசியில் வாங்கித் தருதல் வேண்டும். முடியாதெனில் முடியாது என்று அன்றே சொல்லுதல் வேண்டும். குடும்பத்தின் வரவு செலவை, வயது வந்த பிள்ளைகள் அறிய வைத்தல் நன்று. கணக்கு தெரிந்த பிள்ளை "இல்லை" என்னும் சொல்லை அவமானமாகக் கொள்ளான். ஓலைக்கட்டில் பெருங்கோவிலின் கணக்கு நின்றது போல, ஒரு நாற்பது பக்க நோட்டில் வீட்டின் கணக்கு நிற்கட்டும்.

ஆற்றுக்கால் அடுப்புகள்

கடைசியாக ஒன்று. அடக்கம் என்றால் வாய்மூடி இருத்தல் என்று நம் மக்கள், குறிப்பாக நம் பெண்மக்கள், பிழைபடக் கொள்ளலாகாது. இதற்கும் சான்று அருகிலேயே உண்டு. ஆற்றுக்கால் பகவதியைக் கண்ணகியாகவே கொள்வது இந்நகரத்து மரபு. பொங்காலை நாளில், நோன்பிருந்த பெண்கள் லட்சக்கணக்கில் கோவிலைச் சுற்றி, கிழக்கேகோட்டையையும் கடந்து, தெருவெங்கும் செங்கல் அடுக்கிக் காத்திருப்பர். கோவிலில் தோற்றம் பாட்டாகக் கண்ணகி கதை பாடப்படும். பாண்டியன் வதைப்பகுதி பாடி முடிந்த பின்னரே பண்டார அடுப்பில் தீ மூட்டப்பட்டு, மற்ற அடுப்புகளுக்கெல்லாம் பரவும். தன் துயரைப் பல்லாண்டு பொறுத்த ஒருத்தி, நீதி தவறியபோது அரசவையில் நின்று கேட்டாள். அவள் கேட்டதை நினைந்தே இங்கு அடுப்பு எரிகிறது. தனக்கு நேர்ந்த சிறுமைகளைப் பொறுத்ததும் அடக்கமே. அநீதியைப் பொறாததும் அதன் மறுபக்கமே.

2021இல் தொற்றின் காரணமாக, அப்பெண்கள் தெருவுக்கு வராமல் தத்தம் வீட்டு வாசலில் பொங்கலிட்டு அமைந்தனர். ஆண்டுக்கொருமுறை வரும் அந்நாளைப் பிறர் நலத்துக்காகச் சுருக்கிக்கொண்ட அவர்கள் எவரும் அதைப் பெருமையாகப் பேசித் திரியவில்லை. தெருவில் பொங்கும் ஆண்டுகளிலோ, விழா முடிந்தபின் அடுப்புச் செங்கற்களை நகராட்சியார் திரட்டி, ஏழைகளின் வீடு கட்டும் பணிக்குத் தருவதும் உண்டு. கல்லை அடுக்கியவள் தன் பானையை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறாள். கல் வேறொருத்தியின் சுவராகிறது.

நாட்டின் இயல்பு மாறிவிட்டது என்று வருந்துவோர்க்கு என் விடை இதுவே. இல்லாமை பெரிதும் மாறிற்று, அது நன்று. அடக்கப்படுதல் மாறிவருகிறது, அது மிக நன்று. வேண்டாமை ஒன்றே நம் பொறுப்பில் எஞ்சியிருக்கிறது. அதை முன்னோர் நமக்குப் பொன்போல் பூட்டிவைத்துப் போகவில்லை. ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு திருமணத்திலும், ஒவ்வொரு கோபத்திலும் நாமே அதனைப் புதிதாக ஈட்டிக்கொள்ளுதல் வேண்டும். அடுத்த முகூர்த்தத்துக்குப் பொன் எடுக்கச் சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லும்போது, "இவ்வளவு போதும்" என்று நம்முள் வசதியுடைய ஒருவர் முதலில் சொல்லட்டும். அவர்பின் வருவோர்க்கு அச்சொல் எளிதாகிவிடும்.